ஏழாம் கண்

அம்பில் கிராமத்துக் கல்பாலத்தை எந்த ராஜா கட்டினான் என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். எதற்குக் கட்டினான் என்று கேட்டால் யானை போக என்பார்கள், சிலர் ராணி போக என்பார்கள். ஆனால் பாலத்தின் பதினைந்து கண்ணில் எது எந்த வீட்டுக்கு என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்வார்கள். ஏழாம் கண் தாவ்ரியுடையது.

மழைக்காலம் முடிந்து வெள்ளம் வடியத் தொடங்கும்போது, வயலிலும் காட்டுப் பள்ளங்களிலும் மேய்ந்து கொழுத்த மீனெல்லாம் ஆற்றுக்கு இறங்கி, கீழே இருக்கும் பெரிய ஏரியைத் தேடி ஓடும். ஓடுகிற வழியில் இந்தப் பாலம். அப்போது ஒவ்வொரு வீடும் தன் கண்ணின் வாயில் மூங்கில் படலை இறக்கி, நடுவில் மீன் விழ ஒரு கூட்டைப் பொருத்திவிடும். அந்தச் சில வாரங்களில் விழுகிற மீன்தான் உப்பில் ஊறிப் புளித்து, ப்ரஹோக் என்ற பேரில் வருஷம் முழுக்கச் சோற்றோடு போகும். ப்ரஹோக் ஜாடி காலியாக இருக்கிற வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

கண் பெண்வழியில்தான் இறங்கும். மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து சேர்வது அங்கே வழக்கம் என்பதால் அதில் சிக்கல் வந்ததில்லை. தாவ்ரிக்கு அது அம்மாவிடமிருந்து வந்தது. ஊரையே காலி செய்து ஓட்டிக்கொண்டுபோன கெட்ட காலம் முடிந்து மிச்சமிருந்தவர்கள் திரும்பி வந்தபோது தாவ்ரி சின்னப்பெண். வீடு எரிந்து கிடந்தது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையில் இருந்த மூட்டையை இறக்காமல் நேரே ஆற்றுக்குள் போய் ஏழாம் கண்ணின் அடியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "இது எங்கம்மாவோடது. இல்லேன்னு சொல்றவங்க இறங்கி வாங்க" என்றாள். யாரும் இறங்கவில்லை. இல்லை என்று சொல்லக்கூடியவர்களில் பாதிப்பேர் திரும்பி வரவும் இல்லை.

தாவ்ரிக்கு அந்தக் குரல் அப்படியே வந்திருந்தது. குள்ளமான உடம்பு, அகலமான பாதம், எதையும் ஒருமுறைதான் சொல்வாள். நாற்பத்தெட்டு வயதில் ஊரிலேயே பவர் டில்லர் ஓட்டுகிற ஒரே பெண் அவள்தான். அதன் பின்னால் மரத்தொட்டி ஒன்றைப் பூட்டி நெல் ஏற்றுவாள், விறகு ஏற்றுவாள், வெயில் காலத்தில் மனிதர்களையும் ஏற்றுவாள். பெரிய கோயில்களைப் பார்த்துச் சலித்துப்போன வெளியூர்க்காரர்கள், தலைநகரான நோம்பென்னிலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகள், காட்டுக்குள் இடிந்து கிடக்கிற சின்னக் கோயில்களைக் காட்டச் சொல்லி வருவார்கள். கூட்டிக்கொண்டு போவாள். ஆனால் அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் திரும்புகிற வழியில் ஏதாவது ஒரு பழைய பாலத்தின் முன்னால் வண்டியை நிறுத்தி, "இறங்கிப் பாருங்க" என்று சொல்லாமல் விடமாட்டாள்.

"கோயிலுக்குத்தான் வாடகை, பாலம் சும்மா" என்பான் அவள் புருஷன் சாரின். "அடுத்தவன் பொண்டாட்டி நகைக்கடை வாசல்ல நிக்கிறா. எம்பொண்டாட்டி பாலத்தடியில நிக்கிறா. எனக்கு லாபம்தான்."

இந்தப் பாலப் பைத்தியம் தொடங்கியது ஓர் எருமையால். கல்யாணமான புதிதில் அவர்களுடைய எருமை ஒன்று காணாமல் போனது. தாவ்ரி பழைய ராஜபாட்டையின் மேட்டைப் பிடித்துக்கொண்டு தேடிப் போனாள். மாட்டுத் தடத்தைவிட்டு ஓரடி விலகக்கூடாது என்பது அந்தக் காட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கண்ணிவெடி இருக்கிறது என்று மண்டையோடு வரைந்து வைத்த சிவப்புப் பலகைகள் அப்போது இப்போதைவிட அதிகம். தடம் போன வழியில் போனவள், மரங்களுக்கு நடுவில் எருமை ஒரு கற்குவியலின் நிழலில் படுத்திருப்பதைக் கண்டாள். கிட்டப் போனால் அது குவியல் இல்லை. செம்புறாங்கல்லை அடுக்கி எழுப்பிய பாலம். அவர்கள் ஊர்ப் பாலத்தைப் போலவே கூம்பிய ஒடுக்கமான கண்கள். கைப்பிடிச் சுவராக நீண்டு கிடந்த நாகத்தின் ஏழு தலையில் மூன்றைக் கரையான் புற்று மூடியிருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அடியில் ஆறு மட்டும் இல்லை.

எருமையை ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அவளோ எருமையைக் கட்டிப்போட்டுவிட்டு ஆற்றைத் தேடப் போனாள். அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. பாலத்தின் மேற்கு முனையைத் தாண்டி ஒரு கல்லெறி தூரத்தில், தனக்கென்று வெட்டிக்கொண்ட புதுப் பள்ளத்தில், ஒன்றும் தெரியாததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் அப்படி நான்கு பாலங்களைக் கண்டுபிடித்தாள். ஒன்றில் ஆறு இருந்தது, மூன்றில் இல்லை. தேடிப்போன வழியில் கோயில்களும் அகப்பட்டன. கூரையில்லாத ஒரு கோபுரத்தின் வாசற்கல் கவிழ்ந்து இரண்டு கற்களின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் சாரினை மல்லாக்கப் படுக்கச் சொல்லி, "என்ன தெரியுது?" என்றாள்.

"பாம்பு. ஆளுங்க பிடிச்சு இழுக்கறாங்க. பாற்கடல் கடையறாங்கடி!" என்று கத்தினான் சாரின். "இந்தப் பக்கம் ஒரு அசுரனுக்குப் பல்லு அப்படியே இருக்கு. நெம் அண்ணன் சிரிக்கிற மாதிரி இருக்கு."

நெம் என்பவர் பதினோராம் கண்காரர். கண் அவர் மனைவியுடையது, வாய் அவருடையது. ஊரில் மிஞ்சுகிற மீனை வாங்கி டவுனுக்கு அனுப்புகிற வியாபாரி. பாலத்தைப் பற்றி என்ன பேச்சு வந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார்.

ஒரு புதுவருஷத்துக்கு, எல்லாரும் மலைக்கோயிலுக்குப் போனபோது, தாவ்ரி தன் வீட்டாரைத் தண்ணீரில்லாத பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சாரின், மகள் சோரியா, சாரினின் தங்கை மாலிஸ் மூவரும் தொட்டியில். மூங்கில் குழாயில் வெந்த ஒட்டரிசிச் சோறும் பொரித்த விராலும் கூடையில். மாலிஸின் வீடு ஊர்ப் பாலத்தின் கிழக்கு முனையில், கரையை ஒட்டினாற்போல மூங்கில் கால்களில் நிற்பது. கீழே பன்றிக்கொட்டில், பக்கத்தில் வாழைக்கூட்டம். வாய் ஓயாத பெண்.

"அண்ணி, நம்ம பாலத்துலயாவது தண்ணி இருக்கு. இங்க கல்லு மட்டும்தான். இதைப் பாக்கவா என் இடுப்பை உடைச்ச?"

"தின்னுட்டுப் பேசு. இந்தக் கண்ணுக்குள்ள எட்டிப் பாரு."

மாலிஸ் மீன் முள்ளைத் துப்பிவிட்டு எட்டிப் பார்த்தாள். கண்ணின் வாய் முழுக்கக் கெட்டிப்பட்ட மண். மண்ணுக்குள் மக்கிப்போன மரத்துண்டுகள்.

"அடைச்சிருக்கு."

"எல்லாமே அடைச்சிருக்கு. ஏதோ ஒரு வெள்ளத்துல மரம் வந்து மாட்டியிருக்கும். எடுக்க ஆள் இல்லாம போயிருக்கும், இல்ல எடுக்க மனசு வராம போயிருக்கும். தண்ணி எத்தனை நாள் வாசல்ல நிக்கும்? சுத்திக்கிட்டுப் போயிடுச்சு."

"போனா போகட்டுமே. அங்க ஓடறதும் தண்ணிதானே."

"சுத்திப் போன இடத்துல உன் வீடு இருந்திருந்தா?"

"என் வீட்டுக்கு ஆறு வந்தா படியில உக்காந்தே மீன் பிடிப்பேன்" என்றாள் மாலிஸ். எல்லாரும் சிரித்தார்கள். தாவ்ரியும் சிரித்தாள். ஆனால் வீடு திரும்பும்போது ஊர்ப் பாலத்தின் கிழக்கு முனையில் வண்டியை நிறுத்தி, கரை மண்ணைக் குதிகாலால் இரண்டு தடவை இடித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். பொதபொதவென்று இருந்தது.

சில வருஷம் போனது. சந்தையில் நீல நிற நைலான் வலை வந்து இறங்கியது. மூங்கில் படலில் குச்சிக்கும் குச்சிக்கும் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். பொடி மீன் தப்பும், தண்ணீரும் தாராளமாகப் போகும். நெம் அண்ணன் தன் படலின் பின்னால் நீல வலையைக் கட்டிய வருஷம் அவர் வீட்டு ஜாடிகள் போதாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினார். அடுத்த வருஷம் எட்டு வீடு வலை கட்டியது. அதற்கடுத்த வருஷம் பதினைந்து கண்ணிலும் வலை. தாவ்ரியும் கட்டினாள். கட்டாத வீட்டைக் கையாலாகாத வீடு என்று பேசினார்கள். அதோடு சோரியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த வருஷம், முன்னோருக்குச் சோற்றுருண்டை படைக்கிற ப்ச்சும்பென் நாட்கள் முடிந்ததும், மேலே காட்டில் விடாத மழை. ஊரில் தூறல்கூட இல்லை, ஆறு மட்டும் ஏறியது. மீன் இறங்கத் தொடங்கிவிட்ட நேரம். பாலத்தின் காவல் தெய்வமான நெக் தாவுக்குக் கோழியும் அரிசிச் சாராயமும் வைத்துக் கும்பிட்டுப் படல்களை இறக்கி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. கூடுகள் கனத்துக்கொண்டிருந்தன. ஆகாயத்தாமரை கும்பல் கும்பலாக வந்து படலில் ஒட்டியது, அதன் மேல் கிளைகள், கிளைகளின் மேல் சருகு. பாலத்துக்கு மேற்புறம் ஆறு குளம்போல நிறைந்து நின்றது. கீழ்ப்புறம் பார்த்தால் முழங்கால் தண்ணீர்.

காலையில் பன்றிக்குத் தவிடு கொடுக்க மாலிஸ் வீட்டுக்குப் போன தாவ்ரி, கிழக்கு முனையில் நின்றுவிட்டாள். பாலம் முடிந்து மண்பாதை தொடங்குகிற இடத்தில், பாதையின் குறுக்கே, ஒரு பாம்பின் அகலத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே தெளிவாகத்தான் வந்தது. பாதையைத் தாண்டி மறுபக்கம் ஆற்றில் விழுகிற இடத்தில் மஞ்சளாக விழுந்தது. மண்ணைத் தின்றுகொண்டு போகிறது.

நேரே பாலத்தின் நடுவே போய் நின்றாள். கூட்டை இழுத்துக் காலி செய்கிறவர்கள், மீனைத் தரம் பிரிக்கிறவர்கள் என்று பாலம் முழுக்க ஆட்கள்.

"எல்லாரும் படலைத் தூக்குங்க. ஆறு சுத்திப் போகப் பாக்குது."

ஒருவரும் கையை நிறுத்தவில்லை. நெம் அண்ணன் மட்டும் தலை நிமிர்ந்தார். "என்னம்மா, பாலத்து ராணி, கனவு கண்டியா?"

"கிழக்கு மூலையில போய்ப் பாருங்கண்ணே. பாதையை அறுக்குது."

"வருஷா வருஷம் பாதையில தண்ணி வரும், போகும். காட்டுல செத்த பாலமாப் போய் பாத்து பாத்து, உயிரோட இருக்கறதும் உனக்குப் பிணமாத் தெரியுது."

சிரிப்பு எழுந்தது. ஐந்தாம் கண்காரி தன் கூடையைக் காட்டி, "அக்கா, இன்னும் பத்து நாள் பொறு. ஜாடி நெறஞ்சதும் நானே தூக்கறேன்" என்றாள்.

"பத்து நாள்ல தூக்கறதுக்குப் படல் இருக்கும். ஆறு இருக்காது. பதினஞ்சு கண்ணையும் வச்சுக்கிட்டு வெத்தலை காயப்போடலாம்."

"சரி, உன் கண்ணு முதல்ல" என்றார் நெம் அண்ணன். "நீ தூக்கு. நாங்க யோசிக்கிறோம்."

அவள் தூக்கமாட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னார். ஜனவரியில் சோரியாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. பையன் வீட்டுத் தூதுக்காரி வந்தபோது முதல் கேள்வியே, பெண்ணுக்கு எந்தக் கண் என்பதுதான். ஆழத்துக் கண்ணான ஏழு என்றதும் அந்த அம்மாள் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டுப் புன்னகைத்தாள்.

தாவ்ரி வீட்டுக்குப் போய் வெட்டுக்கத்தியை எடுத்தாள். சாரின் வாசலில் உப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குக் கத்தி?"

"படலை அறுக்க."

சாரின் உப்புக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "கல்யாணத்துக்கு ஜாடி?"

"ஆறு போனா கல்யாணத்துக்கும் இல்ல, பேரப்பிள்ளைக்கும் இல்ல."

"தண்ணி இழுக்கும். அடியில இறங்காத."

"இறங்குவேனா? மேலேருந்தே அறுக்கலாம். நீ இந்தப் பக்கக் கயிறு, நான் அந்தப் பக்கம். ஒரே நேரத்துல வெட்டணும், இல்லேன்னா சாஞ்சுக்கிட்டு மாட்டிக்கும்."

சாரின் க்ரமாத் துண்டை அவள் இடுப்பில் சுற்றி, மறுமுனையைப் பாலத்தின் கைப்பிடிச் சுவராகக் கிடந்த கல் நாகத்தின் உடம்பில் கட்டினான். படலைத் தாங்கிய பிரம்புக் கயிறுகளும் அந்த உடம்பில்தான் கட்டியிருந்தன. இருவரும் ஒரே மூச்சில் வெட்டினார்கள். படல் முதலில் அசையவில்லை. பிறகு நடுவில் மடங்கி, வலையோடும் கூட்டோடும் மேலே சேர்ந்திருந்த பச்சைக் கும்பலோடும் ஒரேயடியாகக் கண்ணுக்குள் போய் மறுபக்கம் வந்து விழுந்தது. நாலு நாள் மீன் வெள்ளி வெள்ளியாக மின்னிக் கீழே ஓடியது. பாலம் காலுக்கடியில் லேசாக அதிர்ந்தது. தேங்கிக் கிடந்த தண்ணீர் முழுக்க ஏழாம் கண்ணை நோக்கித் திரும்பியது.

தாவ்ரி கத்தியைத் துடைத்துக்கொண்டு, பாலத்தின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இனி வருவாங்க பாரு" என்றாள் சாரினிடம்.

மதியத்துக்குள் வந்தார்கள். முதலில் ஆறாம் கண், அடுத்து எட்டு, பிறகு எல்லாரும். இழுத்த கூடெல்லாம் காலி. இழுப்பு இருக்கிற பக்கம்தானே மீன் போகும். நடு ஆழத்தில் அப்படி ஒரு வாசல் திறந்து கிடக்கும்போது, அடைத்த வாசலில் வந்து முட்ட எந்த மீனுக்கும் தலையெழுத்து இல்லை.

"தெரிஞ்சேதான் பண்ணினியா?" நெம் அண்ணனுக்கு முகம் சிவந்திருந்தது.

"ஆமா. தெரிஞ்சேதான் அறுத்தேன்."

"உன் கண்ணு, உன் இஷ்டம். எம்மீனைத் தப்ப விட உனக்கு என்ன பாத்தியதை?"

"உங்க மீனா? பேரு எழுதி விட்டிருந்தீங்களாண்ணே?"

"தாவ்ரி, விளையாடாத. படலைப் போடு."

"எங்க இருக்கு போட? ஏரிக்குப் போயிருக்கும், போய் கூட்டிட்டு வாங்க."

பெண்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். எட்டாம் கண்காரன் சிரிக்கவில்லை, கையில் கம்பு வைத்திருந்தான். சாரின் எழுந்து தாவ்ரிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அந்த நேரத்தில்தான் கிழக்கு முனையிலிருந்து மாலிஸ் அலறினாள்.

எல்லாரும் ஓடினார்கள். காலையில் பாம்பு அகலம் இருந்தது இப்போது ஆள் தாண்டுகிற அகலம். மாலிஸின் வாழைக்கூட்டம் நின்றவாக்கிலேயே, குலையோடும் கரையோடும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கொட்டிலின் ஒரு கால் காற்றில் தொங்கியது. மாலிஸ் இரண்டு பன்றிக்குட்டிகளை இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அண்ணி, என் வீடு!" என்றாள். வேறெதுவும் பேச வரவில்லை அவளுக்கு. அதுவே ஊருக்குப் புதிது.

ஐந்தாம் கண்காரி திரும்பி நடந்தாள். அவள் கையில் கத்தி இருந்தது. ஆறாம் கண், மூன்றாம் கண், பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். வெட்டுகிற சத்தமும், படல் மடங்கி விழுகிற சத்தமும் பாலத்தின் நீளத்துக்குக் கேட்டது. ஒன்பதிலிருந்து பதினைந்துவரை மட்டும் கிழக்குப் பக்கக் கண்கள் நின்றன. அந்த வீடுகள் நெம் அண்ணனிடம் மீன் போடுகிற வீடுகள், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. உடைப்புக்குக் கிட்டத்தில் இருந்தவையும் அவைதான். அவை திறக்காமல் உடைப்பு நிற்காது.

"எல்லாம் சரிம்மா" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது, வியாபாரக் குரலுக்கு வந்திருந்தது. "இன்னிக்கு நாங்க அறுத்துடறோம். அடுத்த வருஷம்? ஏழாம் கண்ணு உன்னுது. ஆழம் உன்னுது. நாங்க பயந்துக்கிட்டு சும்மா இருப்போம், நீ வலை கட்டி அள்ளுவ."

"ஏழாம் கண்ணுல இனிமே படலே கிடையாது" என்றாள் தாவ்ரி.

சாரின் திரும்பிப் பார்த்தான். சோரியா கூட்டத்தில் இருந்தாள், அவளும் பார்த்தாள்.

"எந்த வருஷமும் கிடையாது. ஆழமான வாசலைத் திறந்து விட்டுட்டா ஆறு வேற வாசல் தேடாது. மத்த கண்ணுல மூங்கில் படல் மட்டும். நீல வலை கட்டினா நானே வந்து அறுப்பேன்."

"அப்ப உனக்கு?"

"அதுக்குத்தான் வரேன். ஏழாம் கண்ணை எம்பொண்ணுக்குன்னு வச்சிருந்தேன். அதை ஊருக்கு விடறேன், சும்மா விடல. பதினாலு கண்ணுலயும் வருஷத்து முதல் கூடை என் வீட்டுக்கு வரணும். எனக்குப் பிறகு சோரியாவுக்கு."

"பதினாலு கூடையா! ஒரு கண்ணை விட்டுட்டுப் பதினாலு கண்ணையும் பிடிக்கிற!"

"அண்ணே, கரை இறங்கிக்கிட்டு இருக்கு. நீங்க வேணா நின்னு யோசிங்க, அது நிக்காது."

நெம் அண்ணனின் மனைவி, கண்ணின் உண்மையான சொந்தக்காரி, அதுவரை வாயே திறக்காதவள், "தலையாட்டுய்யா, நம்ம வீடும் இந்தப் பக்கம்தான் இருக்கு" என்றாள். அவர் தலையாட்டினார். அவர் வெட்டியதும் மற்ற கிழக்குக் கண்களும் விழுந்தன.

பிறகு பொழுது சாயும்வரை ஊரே உடைப்பில் கிடந்தது. தாவ்ரி டில்லரை ஓட்டிக்கொண்டு மண் ஏற்றி வந்து வந்து கொட்டினாள். உப்பு மூட்டைச் சாக்கில் மண், விழுந்த வாழைமரத் தண்டுகள், வைக்கோல் கட்டு, கீழ்ப்புறம் ஒதுங்கிய இரண்டு படல்கள் எல்லாம் உள்ளே போயின. கண்கள் எல்லாம் திறந்து மேற்புறம் தண்ணீர் மளமளவென்று இறங்க இறங்க, உடைப்பின் வேகம் குறைந்தது. அடுப்புப் புகை எழுகிற நேரத்துக்கு அங்கே ஒரு தேங்கல்தான் மிச்சம். கொட்டில் சாய்ந்திருந்தது, வீடு நின்றது.

வீட்டுக்கு வந்த சோரியா சோற்றைத் தொடவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

"இல்ல."

"அவங்க வீட்டுல ஏழாம் கண்ணுன்னு சொல்லித்தானே..."

"ஏழாம் கண்ணையா கட்டிக்கப் போறான்? உன்னையா?"

"உனக்கு எல்லாமே எளிசு."

"எளிசு இல்ல" என்றாள் தாவ்ரி. சட்டியிலிருந்த புளிக்குழம்பை மகள் தட்டில் ஊற்றினாள். அதில் மீன் இல்லை, கீரை மட்டும். "வலிக்குது. ஆனா அது நாளைக்கும் வலிக்கும், சாப்பிட்டுட்டு யோசிக்கலாம்."

தூதுக்காரி பத்து நாளில் வந்துவிட்டாள். ஊர்ச்செய்தி அவளுக்கு முன்னாலேயே போயிருந்தது. மரியாதையாகக் கைகூப்பி உட்கார்ந்து, வெற்றிலை மடித்து, சுற்றி வளைத்து, கடைசியில் கேட்டாள்: "அப்ப, பொண்ணுக்கு இப்ப எந்தக் கண்ணுங்க?"

"பதினாலு" என்றாள் தாவ்ரி.

"பதினாலாம் கண்ணா? அது கரையோரமாச்சே, ஆழமில்லையே."

"பதினாலாவது இல்லம்மா, பதினாலும்" என்று கணக்கைச் சொன்னாள். தூதுக்காரி அதைக் கேட்டுவிட்டு, யோசித்துவிட்டு, இன்னொரு வெற்றிலை எடுத்துக்கொண்டாள். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அந்த வருஷம் ஊரில் எந்த வீட்டிலும் நிறைந்த ஜாடி இல்லை என்பதால் யாரும் யாரையும் குறை சொல்ல வழியில்லை. பன்றிக்கறியும் சந்தையில் வாங்கிய மீனும் போட்டார்கள். மாலிஸ் தன் பன்றியில் ஒன்றைக் கொடுத்தாள், கொடுத்ததை ஒவ்வொரு பந்தியிலும் சொன்னாள்.

அடுத்த மழை முடிந்தது. ஏழாம் கண் திறந்து கிடக்க, மற்றவற்றில் மூங்கில் படல் இறங்கியது. விரலிடைவெளியில் பொடி மீன் தப்பியது, தப்பினாலும் கூடு மோசமில்லை. வாக்குப்படி முதல் கூடை வரவேண்டும். ஒருவர் இன்று, ஒருவர் நாளை என்று வரும், நிதானமாகச் சுத்தம் செய்யலாம் என்று தாவ்ரி நினைத்திருந்தாள்.

ஒரு காலையில் நெம் அண்ணன் முன்னால் நடக்க, பின்னால் பதினான்கு கூடையும் ஒரே வரிசையில் வந்தன. எல்லாரையும் பேசி வைத்து ஒரே நாளில் கூட்டி வந்திருந்தார். மீன் ஒரு பகலுக்கு மேல் தாங்காது. தலை கிள்ளி, செதில் போக மிதித்து, அலசி, வடிகட்டி, மறுநாள் உப்பில் போடவேண்டும். அவள் வீட்டில் மொத்தம் நாலு ஜோடிக் கால், புது மாப்பிள்ளையைச் சேர்த்து.

"வாக்கு மாறக்கூடாதில்ல" என்றார் நெம் அண்ணன், வாயெல்லாம் பல்லாக. "எண்ணிக்கோ தாயி."

முற்றம் முழுக்க மீன் துள்ளியது. சோரியா தலையில் கைவைத்துக்கொண்டாள். சாரின் மெல்ல நழுவப் பார்த்தான். தாவ்ரி கூடைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஒரு விராலைத் தூக்கி, எடை பார்த்து, திரும்பப் போட்டாள்.

"நல்ல மீனு. ஒண்ணுகூட அழுகல் இல்ல" என்றாள். பிறகு வாசல் வேலியண்டை நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "அஞ்சாம் கண்ணு, உள்ள வா. எட்டு, நீயும் வா, கம்பைக் கீழ போட்டுட்டு வா. கொண்டுவந்தவங்க யாரும் போகக்கூடாது. மதியச் சோறு இங்கதான். சாரின், அரிசி கூடப் போடு, சாராயம் எடுத்து வை. மாப்பிள்ளை, கூடைங்களை ஆத்தங்கரைக்குத் தூக்குங்க."

"நான் வியாபாரி, எனக்கு டவுனுக்குப் போகணும்" என்றார் நெம் அண்ணன்.

அவர் மனைவி ஏற்கெனவே பாவாடையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கியிருந்தாள். தாவ்ரி இருப்பதிலேயே பெரிய கூடையை அவர் காலடியில் இழுத்து வைத்தாள்.

"அண்ணே, காலைக் கழுவிட்டு இறங்குங்க."